அண்ணியை நிறுத்துப் பார்த்தோம்

எங்கள் மரக்கறியை யாருக்கு விற்பது என்பதை நெடுங்காலம் ஒரு நாற்காலிதான் தீர்மானித்து வந்தது.

ஹட்டன் பஜாரில் அந்தக் கடை இருக்கிறது. கிழங்கு மூட்டைகளுக்கும் வெங்காயக் கூடைகளுக்கும் இடையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் மூட்டைகளோடு ஆட்டோவில் போய் இறங்கியதும் கடை முதலாளி தோளில் கிடக்கும் துண்டால் அதைத் தட்டிவிட்டு, "உக்காருங்கம்மா, களைச்சுப் போயிருப்பீங்க" என்பார். ஆட்டோவில் வந்தவளுக்கு என்ன களைப்பு! ஆனாலும் உட்காருவேன். பதினேழு வருஷம் கொழுந்து பறித்த எனக்கு அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை. உட்கார்ந்ததும் பிளேன்டீ வரும். பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் முழங்கால் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே மூட்டைகளை நிறுத்து முடித்திருப்பார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் சரிவில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். பக்கத்துத் துண்டு என் அண்ணனுடையது. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். அதனால் இரண்டு துண்டையும் நானும் அண்ணியும் என் வீட்டுக்காரருமாகச் சேர்ந்தே செய்கிறோம். உருளைக்கிழங்கு, கேரட், கோவா என்கிற முட்டைக்கோசு, போஞ்சி என்கிற பீன்ஸ் கொஞ்சம். விளைய வைப்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. விற்பதில்தான் எல்லாச் சண்டையும்.

லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வியாபாரி உண்டு, அதற்கு ஒரு காரணமும் உண்டு. கடைசி வீட்டு அக்கா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குத்தான் கொடுப்பார். அங்கே பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இருக்கிறது, கேட்டால் சாவி தருவார்கள். எதிர் வீட்டுக்காரருக்கு, வருஷம் பிறந்தால் முருகன் படம் போட்ட பெரிய கலண்டர் தருகிற கடை. இன்னொருவரின் வியாபாரி வாயையே திறக்க மாட்டாராம். "பேசுறவன்தாங்க ஏமாத்துவான்" என்பார் அவர். என் வீட்டுக்காரருக்கு எங்கள் கடை முதலாளியைப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் இவரை "மாப்ள" என்று கூப்பிடுவது. விலையை யாருமே காரணமாகச் சொன்னதில்லை. விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கடையில் இறங்கினால், நீங்கள் தெருவைக் கடப்பதற்குள் அடுத்த கடையிலும் இறங்கிவிடும்.

இப்படி நிம்மதியாக இருந்த எங்களைக் கெடுத்தது அண்ணியின் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய்.

அண்ணி நல்ல வாட்டசாட்டமான ஆள். மாதம் ஒருமுறை டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவார். துணைக்கு நானும் போவேன். அங்கே நிறுத்து, கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மாதம் அப்படி நிறுத்தபோது எழுபத்தொரு கிலோ. "கொறைக்கணும்மா" என்று டாக்டர் சொன்னார். அண்ணி வெளியே வந்து, டாக்டர் சொன்னதை மறக்க இரண்டு வடையும் ஒரு பால் டீயும் சாப்பிட்டார். பிறகு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் அதற்குள் கிழங்கு மூட்டைகளை ஆட்டோவில் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

கடையில் ஒரே ஒரு நாற்காலி. நான் முந்திக்கொண்டேன். அண்ணி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று தராசுப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாக்குகளை ஏற்றி நிறுக்கிற இரும்புத் தராசு அது. மேலே கடிகாரம் மாதிரி வட்ட முகமும் ஒரு ஊசியும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, அறுபத்தாறு!"

அண்ணி துள்ளி எழுந்தார். "என்னாண்ணே சொல்றீங்க? அறுபத்தாறா? காலையில எழுபத்தொண்ணுன்னு எழுதுனாங்களே!" மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் அறுபத்தாறு. அண்ணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடை முதலாளியிடம் திரும்பி, "பாத்தீங்களா மொதலாளி, எளைச்சிட்டேன்" என்றார். முதலாளி ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு பிளேன்டீ குடிங்கம்மா" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி பாடிக்கொண்டே வந்தார். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். டிக்கோயாவிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் வந்த ஒரு மனுஷி, வடை தின்றுகொண்டே ஐந்து கிலோ இளைத்திருக்கிறார். அப்படியென்றால் அதே தராசில் ஏறிய எங்கள் கிழங்கு எத்தனை வருஷமாக இளைத்திருக்கும்?

வீட்டுக்கு வந்து என் கணக்கைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "ஆஸ்பத்திரி தராசுதான் கெட்டுப் போயிருக்கும்" என்றார். மாப்ள என்று கூப்பிடுகிறவரை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பாரா? சரி, ஒரு தடவை பார்த்துவிட்டுப் பழி போடக் கூடாது என்று அடுத்த மாதம் வரை பொறுத்திருந்தேன். அடுத்த கிளினிக்கிலும் எழுபத்தொன்று. அன்றைக்கு நானே அண்ணிக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன். தராசில் உட்கார்ந்தார். அறுபத்தாறு.

வேறு வியாபாரி பார்ப்பது என்று முடிவானது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அண்ணி, நம்ம வீட்டுலயே கவுர்மென்ட்டு நிறுத்து எழுதிக் குடுத்த பொருள் நீங்க ஒருத்தர்தான்" என்றேன். "எல்லா மொதலாளி தராசுலயும் நீங்க ஒருக்கா ஏறணும்."

"ஏ புள்ள, என்னையப் படிக்கல்லுன்னு நெனைச்சியா?"

"எவன் தராசுல நீங்க எளைக்கலையோ அவனுக்குத்தான் கேரட்டு."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "கறி வாங்கிக் குடுப்பியா?" என்றார். ஒப்பந்தம் ஆனது.

முதலில் லொறி முதலாளி. கொத்மலைப் பக்கத்து சிங்களவர், வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் தோட்டத்து வளைவில் லொறியை நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். தமிழும் சிங்களமுமாகக் கலந்து பேசுவார். பஜாருக்குப் போகிற ஆட்டோச் செலவு மிச்சம் என்று லயத்தில் பாதிப் பேர் அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவருடையது தொங்குகிற தராசு. ஒரு கம்பை இரண்டு பேர் தோளில் தாங்க, கொக்கியில் சாக்கை மாட்டி நிறுப்பார்கள். அண்ணியைக் கொக்கியில் எப்படி மாட்டுவது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

யோசித்தவர் லொறி முதலாளிதான். நாங்கள் சங்கடப்பட்டு இழுத்து இழுத்துக் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு சாக்கை இரண்டு பக்கமும் கயிறு போட்டு ஊஞ்சல் மாதிரி கட்டினார். அண்ணி ஒரு கையால் சேலையையும் இன்னொரு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரும் லொறிக்காரப் பையனும் கம்பைத் தூக்கினார்கள். "அம்மோ, பர வெடியி!" என்று அந்தப் பையன் கத்தினான். பாரம் தாங்கவில்லையாம். அண்ணியின் கால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. வளைவில் நின்ற மொத்த லயமும் கைதட்டியது.

லொறி முதலாளி முள்ளைப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "ஹரி, சரி அக்கே, அம்பது அஞ்சு!" என்றார்.

"அம்பத்தஞ்சா?" என்றேன் நான்.

"பொம்பளை ஆளுக்கு அதுக்கு மேலே சொல்றது எப்படி?" என்றார் அவர்.

நான் ஓடிப்போய் முள்ளைப் பார்ப்பதற்குள் பாரம் தாங்காமல் அண்ணியை இறக்கிவிட்டார்கள். அவர் தராசு நல்லதா கெட்டதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அண்ணி மட்டும், "தங்கமான மனுஷன். இவருக்கே குடுப்போம்" என்று சேலையை உதறிக்கொண்டே சொன்னார்.

அடுத்தது ஒரு இளவட்டம். நுவரெலியாவிலிருந்து சின்ன வேனில் வருவான். லயத்துப் பெண்களின் போன்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, காலையில் விலை அனுப்புவான். விலைக்குப் பக்கத்தில் ஒரு பூப்படமும் இருக்கும். அவனிடம் பளபளவென்று ஒரு டிஜிட்டல் தராசு. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்தொன்று. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணிக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கோ ஆளைப் பிடித்துவிட்டோம் என்று ஒரே பூரிப்பு.

பூரிப்பு அரை மணி நேரம்தான். தம்பி எங்கள் கேரட் குவியலுக்கு முன்னால் குந்தினான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது கட்டையா இருக்குக்கா. இது கொஞ்சம் கோணல். இது தோள்பட்டை பச்சை." இரண்டு கால் பிரிந்த கேரட் ஒன்றைப் பார்த்து, "அய்யோ" என்றே சொல்லிவிட்டான். பத்துக்கு மூன்றுதான் அவன் தராசில் ஏறியது. அந்த மூன்றுக்கு அவன் கொடுத்த விலை நல்ல விலை, நிறையும் சரி. மிச்ச ஏழையும் கூடையில் போட்டுக்கொண்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஒரு வாரம் முழுக்க வாதாடினோம். அண்ணி லொறி, நான் வேன், என் வீட்டுக்காரர் பழைய கடை. கடைசியில், வாசலுக்கே வருகிறார் என்பதற்காகவும் அண்ணியின் பிடிவாதத்துக்காகவும் லொறி முதலாளிக்கே கொடுக்கத் தொடங்கினோம். நேரான கேரட் மட்டும் வேன் தம்பிக்கு.

இதற்கிடையில் அண்ணி சும்மா இருக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் கதையைச் சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு தடவை கதை வளர்ந்தது. சம்பள நாளுக்கு அடுத்த நாள், எங்கள் லயத்திலும் மேல் லயத்திலும் இருந்து பெண்கள் கிளினிக் கொப்பியோடு எங்கள் பழைய கடைக்குப் போய் வரிசையாகத் தராசில் ஏறினார்களாம். ஒருத்தி கைக்குழந்தையின் எடை எழுதிய கிளினிக் அட்டையைக் கொண்டுபோய்க் குழந்தையைக் கிடத்திப் பார்த்திருக்கிறாள். யாரும் எதுவும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. மறுநாள் கடையில் ஒரு அட்டை தொங்கியது: "தராசில் ஆட்கள் ஏற வேண்டாம்." அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே வெட்கமாகிவிட்டது. சாமான் வாங்கப் போனாலும் சுற்றி, அடுத்த தெரு வழியாகப் போனேன்.

லொறியோடு கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. என் வீட்டுக்காரர் மட்டும் சோர்ந்திருந்தார். அவரை அங்கே யாரும் மாப்ள என்று கூப்பிடவில்லை.

பிறகு மழை வந்தது. நிற்காத மழை. எங்கும் கோவா ஒரே நேரத்தில் முற்றிவிட்டது. விலை விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. போன் எடுத்தால், "அக்கே, ரோட்டு சரி இல்லை, அடுத்த கெழமை" என்றார் லொறி முதலாளி. ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேன் தம்பி, "இந்த வாரம் கோவா வேணாம்க்கா" என்று அனுப்பினான். பக்கத்தில் அழுகிற முகப் படம்.

கோவா காத்திருக்காது. மழைத் தண்ணீர் குடித்து, சரிவில் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. அண்ணி குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார். நான்கு நாள் எங்கள் வீட்டில் கோவா வறை, கோவா சுண்டல், கோவா ரொட்டி. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

"நான் போய் பஜார் மொதலாளிகிட்டக் கேக்குறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவீங்க?" என்றேன்.

"என் மூஞ்சிக்கு என்னா? தராசுல ஏறுனது நானா?"

முடிவில் மூன்று பேருமே போனோம். ஆட்டோ நிறைய கோவா, மேலே இரண்டு மூட்டை கிழங்கு. கடை வாசலில் இறங்கியபோது அண்ணி என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். என் முதுகு அதற்குப் போதாது.

முதலாளி எங்களைப் பார்த்தார். துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டினார். நான் உட்காரப் போனேன். "நீங்க கொஞ்சம் பொறுங்கம்மா" என்று என்னைத் தடுத்துவிட்டு, அண்ணியிடம் திரும்பினார்.

"ஏறுங்க. மொதல்ல நீங்க, பெறகு கோவா."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆட்கள் ஏற வேண்டாம் என்ற அட்டையை அவரே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தராசு ரிப்பேர் பண்ணி, சீல் அடிச்சு வந்திருக்கு. கிளினிக் கொப்பி இருக்கா?"

கொப்பி எப்போதும் அண்ணியின் பையில்தான் இருக்கும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவரை, என் வீட்டுக்காரர், "பையிலதானே இருக்கு தங்கச்சி" என்று காட்டிக்கொடுத்தார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் வேறு ஆளாக இருந்தால் எரிந்திருப்பார். ஏறினார். ஊசி ஆடியது, நின்றது.

எழுபத்து மூன்று.

"இது பிழை!" என்று அண்ணி கத்தினார். "கொப்பியில எழுபத்தொண்ணு! இந்தத் தராசு இப்ப அந்தப் பக்கம் கெட்டுப் போச்சு!"

"கொப்பியில எழுதி எத்தனை நாளாச்சும்மா?" என்று முதலாளி பணிவாகக் கேட்டார்.

மழையில் இரண்டு கிளினிக் தவறியிருந்தது. கோவா ரொட்டி வேறு. அண்ணி தராசை விட்டு இறங்கினார். கடையே சிரித்தது, முதலில் நான்தான் சிரித்தேன். அடுத்த கிளினிக்கில் எழுபத்து மூன்று என்றே எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிரிப்பு அடங்கியதும் நான் நேராகவே கேட்டேன். "அந்த அஞ்சு கிலோ உங்களுக்குத் தெரியாதா மொதலாளி?"

"தெரியும்னு சொன்னா கோவிப்பீங்க, தெரியாதுன்னு சொன்னா சிரிப்பீங்க" என்றார் அவர். பிறகு எங்கள் கிழங்கு மூட்டை ஒன்றின் வாயை அவிழ்த்து, "சரி, இதையும் பாப்போம்" என்று தரையில் கொட்டினார்.

இதுவரை ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மூட்டை கட்டுவது எப்போதும் என் வேலை. மேலே நல்ல பெரிய கிழங்காகப் பார்த்து அடுக்குவேன். அடியில், கோலிக்குண்டு அளவில் இருப்பதையெல்லாம் போடுவேன். மண்ணையும் ரொம்பத் தட்டமாட்டேன், ஈரமாக இருந்தால் சுத்தமாகத் தட்டமாட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும், ஆனால் கேட்கமாட்டார்.

கடைத் தரையில் எங்கள் கோலிக்குண்டுகள் நாலா பக்கமும் உருண்டன. ஒன்று நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அத்தனை பேருக்கு நடுவில் நான் அந்த ஒரு கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருஷக் கணக்கா உங்க மூட்டையில அடிக்கெழங்கு இப்பிடித்தாம்மா" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை. "நீங்க மட்டும்தான் மொதலாளி பாத்து விக்கிறீங்கன்னு நெனைக்காதீங்க. நாங்களும் ஆள் பாத்துத்தான் வாங்குறோம். யாரு மண்ணோட கட்டுவாங்க, யாரு தண்ணி தெளிச்சிட்டு வருவாங்க, எல்லாம் இந்த மண்டைக்குள்ள இருக்கு."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குந்தி, உருண்டு போன கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அப்பறம் ஏன் மொதலாளி எங்ககிட்ட வாங்கினீங்க?" என்று அண்ணிதான் கேட்டார்.

"மத்தவங்க உங்களைவிட மோசம்" என்றார் அவர்.

கோவாவை முழுக்க எடுத்துக்கொண்டார். விலை குறைவுதான், அதை அவரே முதலில் சொன்னார். வெடித்ததையும் தனியாகக் கூடையில் போட்டு, ஹோட்டலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நிறுக்கும்போது நான் எழுந்து போய் ஊசிக்கு முன்னால் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.

இப்போது எங்களுக்கு மூன்று வியாபாரிகள். போஞ்சியும் வெயில் காலத்துக் கேரட்டும் லொறிக்கு. நேரான கேரட் வேன் தம்பிக்கு. அவனும் கல்யாணம் ஆன பிறகு கொஞ்சம் கோணலையும் எடுக்கிறான். கிழங்கும் மழைக் காலத்துக் கோவாவும் பஜாருக்கு. யார் நல்லவர் என்ற சண்டை வீட்டில் இன்னும் ஓயவில்லை. என் வீட்டுக்காரர் மறுபடி மாப்ளயாகிவிட்டதால், அவர் சொல்வதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

போன மாதம் பஜாருக்கு நான் தனியாகத்தான் கிழங்கு கொண்டுபோனேன். முதலாளி என் மூட்டைகளைத் தரையில் கொட்டி, குந்தி உட்கார்ந்து அடியில் கையை விட்டுக் கிளறினார். நான் நின்றுகொண்டு ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம், பையன் கண்டியில் பாங்கில் வேலை. "நல்லா விசாரிச்சீங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

"விசாரிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, மூட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கிழங்கை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அது தவறி வந்தது" என்றேன்.